1:24 அளவில் லேலண்ட் காமெட் லோடு லாரி: கேபின், பாடி, பெயிண்ட் பற்றி ஆலோசனை தேவை

பூந்தமல்லி_ரோடு

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை மாடல் கிட் வாங்கி ஒட்டியே பழகியவன். இட்டாலெரி கம்பெனியின் 1:24 (நிஜத்தில் 24இல் ஒரு பங்கு) ஸ்கேனியாவும் வோல்வோ எஃப்16-உம் முடித்து வைத்திருக்கிறேன். அடுத்தது நம் சாலையில் ஓடிய லாரியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எண்பதுகளின் லேலண்ட் காமெட், ஆறு டயர், 17 அடி மரப்பாடி, நேஷனல் பெர்மிட். அப்பா ஓட்டியது அந்த வகை வண்டிதான். கையில் சில போட்டோக்கள் இருக்கின்றன. எல்லாமே வண்டிக்கு முன்னால் ஆட்கள் நிற்கும் போட்டோ, அதனால் பக்கவாட்டு விவரம் குறைவு. கிட் இல்லாமல் முழுக்கக் கையால்தான் செய்யப்போகிறேன்.

கேபினை எதில் செய்வது என்பதில்தான் நிற்கிறேன். சைன்போர்டு கடையில் 3 மி.மீ. பிவிசி ஃபோம் ஷீட் மலிவாகக் கிடைக்கிறது. பஸ் மாடல் செய்யும் நண்பர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட் இறக்குமதி, விலை கூட. பாடிக்கு நிஜ மரம் வைக்கலாமா, இல்லை ஷீட்டில் கோடு கீறிப் பெயிண்ட் அடிப்பதா?

பெயிண்டுக்கு மட்டும் திட்டம் தயார். முதலில் துரு நிறம், அதன் மேல் ஹேர்ஸ்பிரே, அதற்கு மேல் அக்ரிலிக். பிறகு ஈரப் பிரஷ்ஷால் சுரண்டினால் மேல் பெயிண்ட் உரிந்து அடியில் துரு தெரியும். கதவு, பம்பர், மட்கார்டு எல்லாவற்றிலும் தாராளமாகக் காட்டலாம் என்று இருக்கிறேன். வெளிநாட்டு மாடல்களுக்கு அதுதான் உயிர் கொடுக்கிறது.

அரை_அங்குலம்

நல்ல வண்டியைப் பிடித்திருக்கிறீர்கள். 1:24 எடுத்தது ரொம்பச் சரி. நிஜத்தில் ஓர் அடி என்றால் மாடலில் அரை அங்குலம். பாடி கட்டுகிறவர்கள் இன்றைக்கும் அடியிலும் அங்குலத்திலும்தான் பேசுவார்கள், அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 17 அடி பாடி எட்டரை அங்குலம், அதாவது 216 மி.மீ. எட்டடி அகலம் நாலு அங்குலம். நிஜத்தின் ஓர் அங்குலம் உங்கள் மேஜையில் 1 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. அமெரிக்கக் கிட்கள் 1:25இல் வரும். அதிலிருந்து ஒரு கண்ணாடியோ ஹாரனோ இரவல் எடுத்தால் வித்தியாசம் தெரியாது.

ஃபோம் ஷீட்டா ஸ்டைரீனா என்றால், இரண்டும் வேண்டும். 3 மி.மீ. ஃபோம் ஷீட்டை 24ஆல் பெருக்கிப் பாருங்கள், 72 மி.மீ. கிட்டத்தட்ட மூன்று அங்குலம் தடித்த சுவர். கேபின் ஜன்னல் ஓரத்திலேயே அந்தத் தடிமன் காட்டிக்கொடுத்துவிடும். வெட்டிய முனையில் நுண்துளைகளும் இருக்கும். பட்டி போட்டுத் தேய்க்காமல் விட்டால் அந்த இடம் மட்டும் பெயிண்டைக் குடித்துச் சொரசொரப்பாக நிற்கும். ஆகவே பாடியின் அடித்தளம், சீட்டின் கட்டை, உள் சட்டம் இப்படிக் கண்ணில் படாத இடங்களுக்கு ஃபோம். கேபின் தகடுகளுக்கு 0.5 மி.மீ. ஸ்டைரீன், முதுகில் 1 மி.மீ. பட்டைகள் கொடுத்தால் நெளியாது.

இறக்குமதி ஷீட்தான் வேண்டும் என்றில்லை. பேக்கிங் டிரே செய்கிற இடங்களில் ஹிப்ஸ் ஷீட் என்று கேளுங்கள். அதுவும் ஸ்டைரீன் வகைதான். ஒரு துண்டில் மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்ட் ஒரு சொட்டு வைத்து, மேற்பரப்பு இளகிப் பிசுபிசுத்தால் உங்கள் வேலைக்கு ஆகும். கத்தியால் முழுதாக அறுக்கத் தேவையில்லை. ஸ்டீல் ஸ்கேல் வைத்து இரண்டு மூன்று முறை கீறி மடக்கினால் கோட்டிலேயே ஒடியும். ஃபோம் ஷீட் அப்படி ஒடியாது, அதை அறுக்கத்தான் வேண்டும். ஸ்டைரீன் சிமெண்ட் ஃபோமோடு நம்பகமாகப் பிடிக்காது. அந்த இணைப்புக்கு சூப்பர் க்ளூ போடுங்கள்.

பானெட்டின் வளைவுதான் கொஞ்சம் வேலை வாங்கும். லேசான மரத்தில் அச்சு செதுக்கி, வழவழப்பாகத் தேய்த்து, ஸ்டைரீன் ஷீட்டை ஒரு சட்டத்தில் இறுக்கிச் சூடு காட்டுங்கள். ஷீட் நடுவில் தொய்ந்து இறங்கும் நேரத்தில் அச்சின் மேல் அழுத்தினால் அந்த வடிவம் வந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், தீயை நேராகக் காட்டாதீர்கள்.

த்ரீடி_தறி

பானெட்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? போட்டோவை வைத்துக் கம்ப்யூட்டரில் வரைந்து ரெசின் பிரிண்டரில் எடுத்தால் ஒரே இரவில் கைக்கு வந்துவிடும். அடுக்கு ஒவ்வொன்றும் 0.05 மி.மீ., லேசாகத் தேய்த்தால் கோடே தெரியாது. பிளாஸ்டிக் கம்பிச் சுருளை உருக்கிப் போடுகிற பிரிண்டர் வேண்டாம். அதன் அடுக்கு 0.2 மி.மீ., அதாவது நிஜ அளவில் 5 மி.மீ. படிக்கட்டு. கிரில், ஹெட்லைட் வளையம், ஸ்டியரிங், வீல் டிஸ்க் எல்லாம் பிரிண்டுக்கென்றே பிறந்தவை.

அரை_அங்குலம்

வீல் டிஸ்க்குக்கு ஒப்புக்கொள்கிறேன். ஏழும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் (ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான்), அதைக் கையால் செய்வது வீண் பாடு. கேபினுக்கு மாட்டேன். காமெட் கேபின் கையால் கட்டியது. கணினிக் கோட்டில் வந்தால் தொழிற்சாலைக் கேபின் மாதிரி இறுக்கமாகத் தெரியும். பாடி_பட்டறை ஐயா இருந்தால் இதற்குச் சரியான பதில் சொல்வார்.

பாடி_பட்டறை

இருக்கிறேனுங்க. திருச்செங்கோட்டுப் பக்கம் பட்டறையில் தச்சு வேலை பார்த்தவன், இப்போது மகன் பார்க்கிறான். தம்பி அப்பா ஓட்டிய வண்டி என்று எழுதியதைப் படித்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை.

முதலில் வண்டி எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணூர் தொழிற்சாலையிலிருந்து முழு லாரியா வந்தது? இல்லை. சேஸிஸ், இன்ஜின், பானெட், முன் முகப்பு, அவ்வளவுதான். கதவும் கூரையும் இல்லாத அந்த வண்டியை டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் ரோட்டில் ஓட்டி வருவார். பட்டறைக்கு வந்த பிறகுதான் கேபினும் பாடியும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை கை மாறும். அதனால் முகப்பு கம்பெனி வேலை, அதற்குப் பின்னால் எல்லாம் தச்சன் வேலை, கொல்லன் வேலை. மாடலிலும் இந்த இரண்டும் பிரிந்து தெரிய வேண்டும். பானெட்டை பிரிண்டில் எடுத்தால் தப்பில்லை, அது அச்சில் அடித்த தகடுதான். கேபினைக் கையால் கட்டுங்கள்.

மரச்சட்டம் நிறுத்தி மேலே தகடு அடிப்போம். தகடும் தகடும் சேரும் இடத்தில் அலுமினிய பீடிங் ஓடும். நீங்கள் இணைப்பில் பட்டி போட்டு மறைக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம், 1 மி.மீ. பட்டையை மேலே ஒட்டினால் நிஜத்தில் எப்படியோ அப்படி. முன் கண்ணாடி இரண்டு துண்டு, தட்டைக் கண்ணாடி, நடுவில் ஒரு கட்டை. கதவுக்கு மேல் ஓரம் தடிப்பாக இருக்கும். கேபின் கூரை மேல் கேரியர், முன்பக்கம் பெயர் எழுதும் பலகை. பின்சுவரில் சின்ன ஜன்னல், அதற்குக் கம்பி. உள்ளே சீட்டுக்குப் பின்னால் ஆள் படுக்கிற பலகை.

பாடிக்கு மரம்தான் வையுங்கள். ஒன்றரை அங்குலப் பலகைக்கு உங்கள் கணக்கில் ஒன்றரை மி.மீ. சொச்சம். பலகை அகலம் ஆறு அங்குலம் என்றால் 6 மி.மீ. காபி கலக்குகிற மரக்குச்சி கிட்டத்தட்ட அந்த அளவு. ஆனால் கரடுமுரடான ரேகை உள்ள மரம் வேண்டாம். நிஜ மரத்தின் ரேகை 24 மடங்கு சின்னதாகாது. பால்சா மரத்தில் ரேகை பெரிதாகத் திறந்து நிற்கும்.

அடுத்து துரு. தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் திட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓடுகிற லோடு லாரியின் கதவில் துரு எங்கே இருக்கும்? எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) போகும்போது தட்டி, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்துத்தான் கொண்டுபோவார்கள். இப்போதைய விதியில் புதிய வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, எட்டு வருடம் தாண்டினால் வருடா வருடம். பழைய வண்டிக்குத்தான் புதுப் பெயிண்ட் அதிகம். பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறி ஓரமெல்லாம் மழுங்கிப்போயிருக்கும், போல்ட் தலைகூட மூடிப்போயிருக்கும். வயதைக் காட்ட வேண்டுமென்றால் அதைக் காட்டுங்கள்.

பூந்தமல்லி_ரோடு

ஐயா, கோபமெல்லாம் இல்லை. நீங்கள் எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "துருப்பிடித்த வண்டியை நான் ஓட்டினேன் என்று யார் சொன்னது" என்று கேட்டார். ஆனால் ஒரு சந்தேகம். எல்லாமே புதுப் பெயிண்டாக இருந்தால் பொம்மை மாதிரி ஆகிவிடாதா? உழைத்த வண்டி என்று எப்படித் தெரியும்?

பாடி_பட்டறை

கையும் காலும் மூட்டையும் கயிறும் படுகிற இடம் பார்த்தால் தெரியும். கேபின் ஏறும் படி, கைப்பிடி. டிரைவர் பக்கக் கதவின் மேல் ஓரம்: முழங்கை வைத்து வைத்து அங்கே ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து வழவழவென்றிருக்கும். கிளீனர் பக்கக் கதவில் அவ்வளவு இருக்காது. கதவின் வெளிப்பக்கம் அவன் கையால் தட்டித் தட்டிச் சத்தம் கொடுக்கும் இடம் வேண்டுமானால் கொஞ்சம் அழுக்காக இருக்கும். பாடி உள்ளே தரைப் பலகை, பெயிண்டே இல்லாமல் மூட்டை இழுத்து இழுத்து நீளவாக்கில் கோடு விழுந்திருக்கும். சைடு போர்டின் மேல் விளிம்பில் கயிறு அறுத்த பள்ளம். கயிறு மாட்டும் கொக்கி மட்டும் பளபளப்பு, ஏனென்றால் தினமும் உரசுகிறது. டீசல் டேங்க் வாயிலிருந்து கீழே கறுப்பாக ஒரு வழிசல், அதில் தூசி ஒட்டியிருக்கும். வீல் நடுவில் கிரீஸ். துரு வேண்டுமென்றால் சைலன்ஸரில் வையுங்கள், ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். அங்கே யாரும் மறுக்க மாட்டார்கள்.

யாழ்_லொறி

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நான் ஒரு பழைய பெட்ஃபோர்ட் லொறி செய்துகொண்டிருக்கிறேன், அதனால் இந்த இழையை ஆவலோடு வாசிக்கிறேன். ஐயா சொல்வது சரி, ஆனால் ஊருக்கு ஊர் வேறுபடும். எங்கள் பக்கம் கடல் கிட்ட. உப்புக் காற்றில் நிற்கும் லொறிக்குக் கதவின் அடிப்பகுதி உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வரும். மேலே எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் கீழ் விளிம்பில் கொப்பளம் தெரியும். அதை நான் துருத் தூளால் காட்டாமல், பெயிண்டுக்கு அடியில் துளித்துளியாகப் பட்டி வைத்துக் காட்டினேன். நல்லாக வந்தது.

எனக்கும் ஒரு கேள்வி. ஒரு பழைய கிட்டிலிருந்து எடுத்த மென்மையான டயர்களைப் பிளாஸ்டிக் ரிம்மில் போட்டு வைத்திருந்தேன். இப்போது கழற்றினால் ரிம் இளகி டயரின் கோடு அதில் பதிந்திருக்கிறது. ஏன் இப்படி?

அரை_அங்குலம்

டயரை மென்மையாக்கச் சேர்க்கிற எண்ணெய்ப் பொருள் மெல்ல மெல்லக் கசிந்து வெளியே வரும். அது ஸ்டைரீனைக் கரைக்கும். பழைய வினைல் டயர்களில் இது தெரிந்த தொல்லை. டயரும் ரிம்மும் நேராகத் தொடாமல் இடையில் ஏதாவது தடுப்பு வேண்டும். பிளம்பர் உபயோகிக்கும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ரிம்மில் ஒரு சுற்று சுற்றிவிட்டு டயரை மாட்டுங்கள். மெல்லியது, வெளியே தெரியாது. பெட்டிக்குள் போட்டு வைக்கும்போதும் டயரைக் கேபினோடு ஒட்ட வைக்காதீர்கள்.

பூந்தமல்லி தம்பி, உங்கள் டயர் அளவை அப்பாவிடம் கேளுங்கள். 9.00-20 என்றால் வெளி விட்டம் 1:24இல் 42 மி.மீ. சொச்சம், 10.00-20 என்றால் 44. இரண்டு மி.மீ.தான் என்று விடாதீர்கள், வண்டி நிற்கிற தோரணையே மாறும்.

ஜூரோங்_14

சிங்கப்பூரிலிருந்து. நான் 1:14 ரிமோட் லாரி ஆள். டமியா கம்பெனி 1993இல் கிங் ஹாலர் லாரி கிட்டை வெளியிட்டதிலிருந்து அந்த அளவுதான் எங்களுக்கு வழக்கம். உங்கள் மாடல் ஓடப்போவதில்லை, ஆனாலும் ஓடுகிற மாடல் செய்து கற்ற ஒன்றைச் சொல்கிறேன். ஸ்பிரிங்கைப் பாருங்கள். காலி லாரிக்கும் லோடு லாரிக்கும் பின் ஸ்பிரிங்கின் வளைவு ஒன்றல்ல. நிறைய பேர் மூட்டைகளை மலை மாதிரி அடுக்கிவிட்டு, ஸ்பிரிங்கைக் காலி வண்டியின் வில்லாக விட்டுவிடுகிறார்கள். படத்தில் என்னவோ இடிக்கும், என்னவென்று தெரியாது. அதுதான் காரணம்.

பாடி_பட்டறை

இந்தத் தம்பி சொன்னது ஆயிரத்தில் ஒரு வார்த்தை. லோடு ஏற்றினால் பெரிய பட்டை நிமிர்ந்து கிட்டத்தட்ட நேராகிவிடும், அதன் மேல் இருக்கிற சின்ன செட் அப்போதுதான் தாங்கலில் போய் முட்டும். காலி வண்டியில் அந்த இரண்டுக்கும் நடுவில் இடைவெளி தெரியும். பின்னால் பாடி இறங்கியிருக்கும், டயரின் அடிப்பக்கம் பிதுங்கியிருக்கும். முன்பக்கம் அவ்வளவு இறங்காது.

அரை_அங்குலம்

செய்வது சுலபம்தான். ஒரு பட்டை நிஜத்தில் அரை அங்குலத் தடிமன், உங்களுக்கு 0.5 மி.மீ. ஸ்டைரீன் பட்டை. ஒவ்வொன்றாக நீளம் குறைத்து அடுக்கி, ஈரம் காயும் முன் வேண்டிய வளைவில் ஒரு கட்டை மேல் வைத்துக் கட்டி, இரவு முழுக்க விடுங்கள். நடுவில் யூ-போல்ட்டுக்கு மெல்லிய செம்புக் கம்பி. டயரின் அடியில் உப்புத்தாளில் தேய்த்து ஒரு மி.மீ. தட்டையாக்கி, பக்கச் சுவரில் கொஞ்சம் எம்-சீல் வைத்துப் பிதுக்கம் காட்டலாம்.

த்ரீடி_தறி

சரி, அப்படியானால் எல்லாமே வண்டி எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான். எஃப்.சி. முடிந்து வந்த மறுநாளா, அடுத்த எஃப்.சி.க்கு ஒரு மாதம் முன்பா? பழைய இரும்புக் கடைக்குப் போனதா? கடைசி வகைக்கு ஹேர்ஸ்பிரே முறை பொருந்தும். அதையும் முழுக்கத் தள்ளிவிட வேண்டாம்.

பாடி_பட்டறை

அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடிவை முதலிலேயே எடுக்க வேண்டும். எந்த வருடம், எஃப்.சி.க்கு முன்னா பின்னா, லோடா காலியா. இந்த மூன்றும் முடிவானால் மற்றதெல்லாம் தானாக வரும். முடிவு செய்யாமல் பிடித்ததையெல்லாம் சேர்த்தால் அப்படி ஒரு வண்டி எந்த நாளிலும் ரோட்டில் நின்றிருக்காது.

நம்பர்_பிளேட்

வருடம் என்றதும் நானும் வருகிறேன், இது என் பித்து. எண்பதுகளின் வண்டிக்கு "டிஎன் 28" என்று நாமக்கல் நம்பர் எழுதிவிடாதீர்கள். மாவட்ட எண் வைத்த இந்த முறை, மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் அமலுக்கு வந்த பிறகுதான். அதற்கு முன் பதிவான தமிழ்நாட்டு வண்டிகளுக்கு 'டி'யில் தொடங்கும் மூன்று ஆங்கில எழுத்தும், பிறகு எண்ணும். பழைய பதிவு வண்டி தொண்ணூறுகளிலும் அதே எழுத்தோடுதான் ஓடியது. அந்தக் காலத்து லோடு வண்டிக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. இன்றைய மஞ்சள் பிளேட் பிறகு வந்தது.

ஒளிரும் டேப்பும் வேண்டாம். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று இப்போது எல்லா லாரியிலும் சுற்றி ஓடுகிறதே, அது பிற்காலத்து விதி. உங்கள் வண்டிக்குப் பின்னால் வட்டமான சிவப்பு ரிஃப்ளெக்டர் போதும்.

நேஷனல் பெர்மிட்டுக்கு 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் அப்போது தெளிவாகவே இருந்தது. பாடிக்குக் காய்ந்த இலையின் பழுப்பு நிறம், ஓரத்தில் தடித்த வெள்ளைக் கரை, இரண்டு பக்கமும் 60 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் "நேஷனல் பெர்மிட்" என்ற எழுத்து. 1:24இல் அந்த வட்டம் சரியாக 25 மி.மீ. ஆகவே தம்பி தொண்ணூறுகளின் தொடக்கத்தை எடுத்தால் பழைய நம்பரும் பழுப்பு நிறமும் இரண்டும் பொருந்தும்.

பூந்தமல்லி_ரோடு

எவ்வளவு தகவல்! அப்பா 1993 வரை அந்த வண்டியில் இருந்தார். ஆகவே 1993 என்று வைத்துக்கொள்கிறேன். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நம்பர் பிளேட் வெள்ளைதான், மூன்று எழுத்தில் நடு எழுத்து மட்டும் ஒரு ஆளின் காலுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அப்பாவுக்கு நம்பர் மனப்பாடம், அதனால் கவலையில்லை. டயர் 9.00-20 என்றார்.

எழுத்துக்கு என்ன செய்வது? ஸ்டிக்கர் கடையில் வினைல் வெட்டித் தருகிறார்கள்.

அரை_அங்குலம்

வினைல் வேண்டாம். அதன் தடிமன் 0.1 மி.மீ. பக்கம் வரும், நிஜ அளவில் 2 மி.மீ.க்கு மேல் தூக்கி நிற்கும். பிரஷ்ஷால் எழுதிய எழுத்துக்கு ஏது தடிமன்? தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற டெகால் தாள் வாங்கி அச்சடியுங்கள். இங்க்ஜெட்டில் அடித்தால் கிளியர் ஸ்பிரே இரண்டு மெல்லிய கோட் அடித்துக் காயவைத்த பிறகுதான் தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் மை கரைந்துபோகும். வீட்டுப் பிரிண்டர் வெள்ளை அடிக்காது. பழுப்புப் பாடி மேல் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் வெள்ளை டெகால் தாளில், எழுத்தைச் சுற்றி அதே பழுப்பை அச்சிட வேண்டும், நிறம் பொருந்துவது கஷ்டம். அதைவிட, முதலில் அந்த இடத்தில் வெள்ளை பெயிண்ட், மேலே எழுத்து வடிவில் வெட்டிய மாஸ்க், பிறகு பழுப்பு. மாஸ்க்கை உரித்தால் வெள்ளை எழுத்து, கரையும் இதே முறையில் சேர்ந்தே வந்துவிடும். கேபின் நெற்றியில் வரும் சின்னத் தமிழ் எழுத்துக்கு மட்டும் டெகால். சுழி நிறைந்த எழுத்துகளை அந்த அளவில் மாஸ்க்காக வெட்ட முடியாது.

எழுத்துருவைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய போட்டோவில் இருக்கும் கை எழுத்தை ஸ்கேன் செய்து, அதன் மேல் வரைந்து எடுங்கள். பெயிண்டரின் பிரஷ் தொடங்கிய இடத்தில் தடிப்பாகவும் முடிந்த இடத்தில் கூராகவும் இருக்கும், அது எந்த எழுத்துருவிலும் கிடையாது.

இன்னொன்று. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் ஸ்பிரே அடிக்காதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும், பெயிண்ட் வெளுத்துப்போகும். வெயில் வரும் நாளில் காலை பத்து மணிக்கு மேல் அடியுங்கள். எனாமல் மேல் லாக்கரும் அடிக்கக் கூடாது, சுருங்கும்.

யாழ்_லொறி

கண்ணாடிக்கு என்ன போடுகிறீர்கள்? நான் சூப்பர் க்ளூவால் ஒட்டினேன், ஓரமெல்லாம் வெள்ளைப் புகை படிந்துவிட்டது.

ஜூரோங்_14

அந்தப் பசையின் ஆவிதான் அது. கண்ணாடிக்கு வெள்ளைப் பசை, ஃபெவிகால் வகை, மெல்லியதாக ஓரத்தில் மட்டும். காய்ந்தால் நிறமில்லாமல் போய்விடும், தவறினால் ஈரத் துணியால் துடைக்கலாம். தட்டைக் கண்ணாடி என்பதால் 0.2 மி.மீ. தெளிவான ஷீட் போதும், நிஜத்தில் 5 மி.மீ. கணக்கு. ஹெட்லைட் ஏழு அங்குல வட்டம், 1:24இல் 7.4 மி.மீ. குழிவான வளையத்தின் உள்ளே அலுமினிய டேப் ஒட்டி, மேலே யூவி ரெசின் ஒரு சொட்டு விட்டால் லென்ஸ் போலவே குமிழ்ந்து நிற்கும்.

பாடி_பட்டறை

தார்ப்பாயை மறக்காதீர்கள் தம்பி.

பூந்தமல்லி_ரோடு

அப்பாவும் அதையேதான் சொன்னார், ஐயா. லோடு இல்லாத போது கேரியரில் சுருட்டி வைத்திருப்பார்களாம். நான் நெல் மூட்டை லோடு என்று முடிவு செய்திருக்கிறேன். எஃப்.சி. முடிந்து ஆறு மாதம் ஆன வண்டி. ஆகவே பெயிண்ட் நன்றாக இருக்கும், தூசி இருக்கும், பாடி உள்ளே தேய்ந்திருக்கும். தார்ப்பாய் மூட்டைகளுக்கு மேல் போர்த்திக் கயிறு கட்டியிருக்கும். துரு சைலன்ஸரில் மட்டும். ஹேர்ஸ்பிரே டப்பாவை அடுத்த மாடலுக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

அரை_அங்குலம்

நல்ல முடிவு. தார்ப்பாய்க்கு டிஷ்யூ பேப்பரின் ஒரு அடுக்கை மட்டும் பிரித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து மூட்டைகளின் மேல் போர்த்துங்கள். ஈரமாக இருக்கும்போதே கயிற்றை இழுத்துக் கட்டினால் கயிறு அழுத்தும் இடத்தில் பள்ளம் தானாக விழும். கயிற்றுக்குப் பருத்தி நூலை இரண்டாக முறுக்கி 0.8 மி.மீ. வருமாறு எடுங்கள், தேன்மெழுகில் ஓட்டினால் நூலின் பிசிறு அடங்கும். மூட்டைகளை எம்-சீலில் பிடித்து, இறுகும் முன் ஈரமான மருந்துக்கடை காஸ் துணியை மேலே அழுத்தி எடுங்கள், சாக்கின் நெசவு பதியும். எல்லா மூட்டையும் ஒரே வடிவில் வேண்டாம். அடியில் இருப்பது நசுங்கியிருக்கும்.

தூசிக்கு ட்ரை பேஸ்டல் குச்சியை உப்புத்தாளில் உரசிய தூள். செம்மண் நிறம் கொஞ்சம், வெளிர் சாம்பல் அதிகம். மட்கார்டுக்குப் பின்னால், பாடியின் அடிப்பக்கம், பின் கதவில் தடிப்பாக. வண்டி கிளப்பும் புழுதி பின்னால்தான் சுழன்று படியும்.

பாடி_பட்டறை

கயிறு கட்டுவதில் ஒன்று சொல்ல வேண்டும். கொக்கிக்குக் கொக்கி நேராகக் கட்ட மாட்டார்கள். இந்தப் பக்கத்துக் கொக்கியில் மாட்டி, மேலே போட்டு, அந்தப் பக்கம் ஒரு கொக்கி தள்ளி இழுத்து மாட்டுவார்கள். மேலிருந்து பார்த்தால் குறுக்கே சாய்ந்து சாய்ந்து ஓடும். கடைசி முடிச்சு பின் கதவுப் பக்கம், மீதிக் கயிற்றைச் சுற்றிச் செருகியிருப்பார்கள். சைடு போர்டில் கொக்கி எத்தனை என்று உங்கள் போட்டோவில் தெரியாவிட்டால் அப்பாவைக் கேளுங்கள், தினமும் கட்டியவருக்கு மறக்காது.

பூந்தமல்லி_ரோடு

கேட்டேன் ஐயா. பக்கத்துக்கு எட்டு. கிளீனர் பக்கம் ஆறாவது கொக்கி வளைந்திருக்கும் என்றார், அதையும் வளைத்துவிடுகிறேன். சேஸிஸ் பட்டைகளை வெட்டத் தொடங்கிவிட்டேன். முதல் படங்களை ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். பின் ஸ்பிரிங்கை ஒட்டுவதற்கு முன் இங்கே காட்டுகிறேன், நிமிர்வு போதுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஜூரோங்_14

பக்கவாட்டில், வீல் மையத்துக்கு நேராகக் கேமராவை வைத்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் வளைவு தெரியாது. பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வையுங்கள்.